மொட்டை மாடி முதல் முதுமலை வரை: காட்டுயிர்ப் படம் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்துகொண்டு பதினைந்து வருடமாகப் பறவை, அணில், ஓணான் என்று கண்ணில் படுவதையெல்லாம் படம் எடுத்து வருகிறேன். ஏரிக்கரையிலோ கல்யாண வீட்டிலோ பிடித்து நிறுத்திக் கேட்பவர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் கீழே.

காட்டுக்குப் போனால்தான் நல்ல படம் கிடைக்குமா?

இல்லை. என்னிடம் இருக்கும் உருப்படியான படங்களில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எடுத்தவை. வீட்டின் பின்புறம் ஒரு முருங்கை மரம் நிற்கிறது. தரையில் நின்று பார்த்தால் தேன்சிட்டின் வயிறும் வெளுத்த வானமும்தான் தெரியும். மாடி ஏறினால் பூங்கொத்து கண் மட்டத்துக்கு வந்துவிடும். எந்த உயிராக இருந்தாலும் அதன் கண் உயரத்தில் கேமரா இருந்தால் படத்தின் களையே வேறு. அணிலுக்குத் தரையில் உட்கார வேண்டும், ஆள்காட்டிக் குருவிக்கு மண்ணில் குப்புறப் படுக்க வேண்டும், முருங்கைத் தேன்சிட்டுக்கு மாடிப்படி ஏறினால் போதும்.

வீட்டில் என்ன செடி இருக்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். செம்பருத்தியும் இட்லிப்பூவும் இருந்தால் தேன்சிட்டு வரும். கறிவேப்பிலை பழுத்தால் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். அதே கறிவேப்பிலையின் இலை மேல் காக்கை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள், வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். மாசி, பங்குனியில் தெருவில் கல்யாண முருங்கையோ இலவமோ பூத்துவிட்டால் அந்த ஒரு மரம் போதும். மைனா, கரிச்சான், காக்கை, சூறைக்குருவி எல்லாம் பந்திக்கு வந்த மாதிரி ஒரே மரத்தில் இருக்கும். இலை உதிர்ந்த மரமென்பதால் எதுவும் மறைவதும் இல்லை.

என்ன கேமரா வாங்கலாம்?

முதலில் கையில் இருப்பதை வைத்து ஆறு மாதம் எடுங்கள். அதற்கப்புறமும் ஆசை குறையவில்லை என்றால் வாங்கலாம்.

பறவைக்கு வேண்டியது நீளமான லென்ஸ். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். தேன்சிட்டின் நீளம் சுமார் 10 செ.மீ. ஏபிஎஸ்-சி என்னும் நடுத்தர அளவுச் சென்சார் (ஒளியைப் பதியும் தகடு) உள்ள கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் மாட்டி, 5 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குருவி நிரப்பும். அதே குருவி 20 மீட்டர் தள்ளி இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்குதான். 600 மி.மீ. வாங்கினாலும் 20 மீட்டரில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆக, லட்சக்கணக்கில் செலவழித்து லென்ஸை நீட்டுவதைவிடப் பதினைந்து மீட்டர் நெருங்கும் வித்தையைக் கற்றுக்கொள்வது லாபம். அதைக் கீழே சொல்கிறேன்.

பட்ஜெட் சின்னது என்றால் லென்ஸ் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா மோசமில்லை. நிக்கான் பி950 மாதிரியான ஒன்றில் 2000 மி.மீ.க்குச் சமமான ஜூம் கிடைக்கிறது. வெயிலில் நன்றாக எடுக்கும், மங்கிய வெளிச்சத்தில் திணறும். கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால், பழைய கேமரா பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்றும் 100-400 அல்லது 150-600 மி.மீ. லென்ஸ் ஒன்றும் வாங்குங்கள். காசை லென்ஸில் போடுங்கள், பாடியில் மிச்சம் பிடியுங்கள்.

என்னிடம் கைபேசி மட்டும்தான் இருக்கிறது. அதில் எடுக்க முடியாதா?

பறவையை விடுங்கள், ஓணானைப் பிடியுங்கள். வண்ணத்துப்பூச்சி, சிலந்தி, நத்தை, மரவட்டை, மழைக்காலத் தவளை எல்லாம் கைபேசிக்கென்றே பிறந்தவை. இரண்டு விரலால் திரையை இழுத்துப் பெரிதாக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கையை நீட்டுங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது. பறவைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 இருகண்நோக்கி ஒன்று வாங்கி, கண் வைக்கும் துளையில் கைபேசியின் லென்ஸை ஒட்டிப் பிடித்து எடுக்கலாம். பழகப் பத்து நாள் ஆகும். பேர் கண்டுபிடிக்கப் போதுமான படம் கிடைக்கும்.

தண்ணீர் வைத்தால் பறவை வருமா?

வரும், ஆனால் நாளைக்கே வராது. அகலமான மண் சட்டி ஒன்றில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஒரு கல்லைப் போடுங்கள், சின்னக் குருவிகள் அதில் நின்று குடிக்கும். தினமும் சட்டியைத் தேய்த்துத் தண்ணீரை மாற்றாவிட்டால் கொசுப் பண்ணைதான். பூனை பதுங்க இடமில்லாமல், அதே சமயம் பருந்து வந்தால் குருவி ஓடி ஒளிய இரண்டு மூன்று அடியில் ஒரு செடி இருக்கும்படி வையுங்கள்.

படத்துக்கு இரண்டு விஷயம் முக்கியம். பறவை நேராகச் சட்டியில் இறங்காது. பக்கத்தில் எங்காவது உட்கார்ந்து அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். அந்த இடத்தில் பட்டை உரிந்த ஒரு காய்ந்த கிளையை நட்டு வையுங்கள், அதில்தான் உட்காரும். அப்புறம், பின்னாலிருக்கும் சுவர் கிளையிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். பின்னணி கரைந்து ஒரே நிறமாகிவிடும். துணி காயும் கொடியும் சின்டெக்ஸ் தொட்டியும் படத்தில் வந்து விழுந்தால் எந்த எடிட்டிங்கும் காப்பாற்றாது.

எங்கள் சட்டிக்கு முதல் பதினோரு நாள் காக்கை மட்டும்தான் வந்தது, அதுவும் எங்கிருந்தோ தூக்கிவந்த காய்ந்த ரொட்டியை நனைத்துத் தின்ன. பன்னிரண்டாம் நாள் தவிட்டுக்குருவிகள் ஒரு கூட்டமாக வந்து, ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டே குளித்தன.

கிட்டப் போனாலே பறந்துவிடுகிறதே, என்ன செய்வது?

நீங்கள் போகாதீர்கள், அதை வரவிடுங்கள். இந்தத் தொழிலில் சொல்லிக்கொடுக்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது இதுதான்.

சில பறவைகளுக்கு ஆஸ்தான இருக்கை உண்டு. கரிச்சான், பஞ்சுருட்டான், பனங்காடை, மீன்கொத்தி நான்கும் பறந்து போய் இரையைப் பிடித்துவிட்டு மறுபடி அதே கம்பிக்கோ கிளைக்கோ திரும்பும். அது போன பிறகு நீங்கள் ஏழெட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். எங்கள் ஊர் ஏரிக்கரையில் பஞ்சுருட்டான் ஒன்று கருவேல முள்கிளையில் வந்து உட்காரும். வாயில் ஒரு தேனீ இருக்கும். கிளையில் இடம், வலம் என்று தேனீயை அடித்து அடித்துத் தேய்க்கும், கொடுக்கைப் போக்கத்தான். பிறகு மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து விழுங்கும். தூக்கிப் போடும் அந்த நொடி வேண்டுமென்றால் அடிக்கும் சத்தம் கேட்டதுமே விரலைப் பொத்தானில் வைக்க வேண்டும். ஏரி அமைதியாக இருந்தால் அந்த 'டக் டக்' நன்றாகக் கேட்கும்.

நடந்து நெருங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நேராகப் போகாதீர்கள். வேறு வேலையாகப் போகிறவர் மாதிரி சாய்வாக, நின்று நின்று, அதை முறைத்துப் பார்க்காமல் போங்கள். கழுத்தை நீட்டி விறைத்தால், மேய்வதை நிறுத்தினால், இறகை ஒட்டவைத்து ஒல்லியானால் போதும் என்று அர்த்தம். அங்கேயே உட்காருங்கள். மறுபடி அது இறகு கோத ஆரம்பித்தால் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. வண்டியை விட்டு இறங்காதீர்கள். கார் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாலே பறக்கும் பனங்காடை, கண்ணாடியை மட்டும் இறக்கினால் சும்மா இருக்கும். ஜன்னல் விளிம்பில் ஒரு துணிப் பையை வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்க்கலாம். பையில் அரிசி போட்டால் கனம், பொரி போட்டால் லேசு. என் பையில் பொரிதான், பசித்தால் தின்றும் விடலாம்.

செட்டிங் என்ன வைக்கட்டும்?

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/500 நொடி, துறுதுறுவென்று இருக்கும் சிட்டுக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000 அல்லது அதற்கும் மேல். அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்துவிடுங்கள். ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். புள்ளி புள்ளியாக வரும் படத்தைப் பிறகு சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை எந்தச் சாமி வந்தாலும் சரிசெய்ய முடியாது. ஃபோகஸ் கண்ணில். வாலும் அலகும் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, கண் மங்கினால் படம் இல்லை.

கொக்கு வெறும் வெள்ளைத் துணியாக, காக்கை வெறும் கறுப்புத் துண்டாக வருகிறது. ஏன்?

பார்ப்பதையெல்லாம் சராசரியாகச் சாம்பல் நிறமாக்கப் பார்ப்பது கேமராவின் குணம். இருண்ட குளத்து நீரில் ஒற்றைக் கொக்கு நின்றால், 'எல்லாம் இருட்டாக இருக்கிறதே' என்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கின் இறகு வரி எல்லாம் எரிந்துபோகும். அப்போது ப்ளஸ் மைனஸ் குறி போட்ட பொத்தானில் மைனஸ் 1 வரை வையுங்கள். வெளுத்த வானத்தில் காக்கையோ பருந்தோ என்றால் தலைகீழ், ப்ளஸ் 1 அல்லது அதற்கும் கொஞ்சம் மேலே.

தேன்சிட்டு இன்னொரு தினுசு. அதன் ஊதாவும் பச்சையும் சாயம் அல்ல, இறகின் அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் மினுக்கு. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மின்னும், எதிரே இருந்தால் அதே குருவி கரிக்கட்டை.

பறக்கும் பறவையை எடுக்க முடியவே இல்லை.

காற்றைப் பாருங்கள். பறவை பெரும்பாலும் எதிர்காற்றில்தான் எழும்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகில் அடிக்கும்படி நின்றால் அது உங்களை நோக்கி எழும்பும். இன்னொரு ரகசியம், கொஞ்சம் அசிங்கமானதுதான்: பருந்து, நாரை போன்ற பெரிய பறவைகள் கிளம்பும் முன் பல நேரம் எச்சமிடும். அதைப் பார்த்தவுடன் விரலைத் தயாராக வையுங்கள்.

பழகக் கள்ளப்பருந்தும் மடையான் கொக்கும் போதும். எடுத்ததும் தகைவிலானைத் துரத்தினால் கழுத்து வலிதான் மிச்சம்.

பெரிய லென்ஸ் இருந்தும் மதியம் எடுத்த படங்கள் ஏன் கலங்கலாக வருகின்றன?

கானல். சூடான சேற்றின் மேலோ தார்ச்சாலையின் மேலோ காற்று நெளிகிறது, நீங்கள் அதன் ஊடாக எடுக்கிறீர்கள். லென்ஸைப் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள், ஒன்பது மணிக்குள் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

தமிழ்நாட்டில் எங்கே, எப்போது போகலாம்?

வேடந்தாங்கல் எல்லோருக்கும் தெரியும். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்மக்கள் கேட்டு, 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கிய ஏரி. கார்த்திகை முதல் மாசி வரை நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் கூடும். ஆனால் மரங்கள் கரையிலிருந்து தள்ளி இருக்கின்றன, 400 மி.மீ.க்குக் குறைந்தால் கூட்டம் மட்டும்தான் படத்தில் வரும். மாலையில் இரை தேடிப் போனவை திரும்பும் நேரம் போங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கரிக்கிலி. அங்கே ஜனம் குறைவு, வாத்து அதிகம்.

எனக்குக் கேட்டால் கூந்தன்குளத்தைத்தான் முதலில் சொல்வேன். திருநெல்வேலி மாவட்டத்தில் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். கீழே ஆள் கோலம் போட்டுக்கொண்டிருப்பார், மேலே குஞ்சு கத்திக்கொண்டிருக்கும். மனிதனுக்குப் பழகிய பறவை என்பதால் சின்ன லென்ஸே போதும். குளத்தில் இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் குளிர்காலத்தில் இறங்கும்.

சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை. சதுப்பு நிலத்தைக் கிழித்துப் போகும் துரைப்பாக்கம் சாலையின் ஓரத்திலிருந்தே குளிர்காலத்தில் பூநாரை பார்க்கலாம். வெளிமான் வேண்டுமென்றால் கோடியக்கரை. வரையாட்டுக்கு ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் மலைப்பாதையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. அங்கே அவை சாலைச் சுவர் மேலேயே நிற்பதுண்டு. வால்பாறை புதுத்தோட்டத்தில் சோலைமந்தி. பிஸ்கட் கொடுத்து வரவழைக்காதீர்கள். பிஸ்கட்டுக்குப் பழகிய மந்தி சாலையில் இறங்குகிறது, வண்டியில் அடிபடுகிறது.

முதுமலையில் புலி எடுக்க வேண்டும். எத்தனை முறை சஃபாரி போக வேண்டும்?

புலிக்கென்று போகாதீர்கள். தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் போகும் நேரத்தில் யானை, காட்டெருமை, புள்ளிமான், மயில், மலையணில் இவற்றில் ஏதாவது கட்டாயம் கிடைக்கும். புலியை மட்டும் தேடும் வண்டி இவை எல்லாவற்றையும் தாண்டி ஓடிவிடும். ஓட்டுநரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அண்ணே, நிறுத்தும்போது இன்ஜினை அணைச்சிருங்க." வண்டி அதிர்ந்தால் நீள லென்ஸில் எல்லாம் இரட்டையாக வரும்.

காட்டு வழியே போகும் நெடுஞ்சாலையில் சொந்த வண்டியை நிறுத்தி இறங்குவது குற்றம், அபராதம் உண்டு. யானை நிற்கும் இடத்தில் இறங்குவது அபராதத்தோடு போகாது. டிரோன் பறக்கவிடுவதும் அனுமதியில்லாமல் கூடாது. சரணாலயங்களுக்குள் படம் எடுக்க 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. சுற்றுலாப் பயணிக்கு அது வாசலில் கட்டும் கேமராக் கட்டணத்தோடு முடிந்துவிடும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கூட்டையும் குஞ்சையும் எடுக்கலாமா?

நான் எடுப்பதில்லை. கூந்தன்குளம் மாதிரி ஊரே கூடாக இருக்கும் இடம் வேறு. தனியாக ஒளித்துக் கட்டிய கூட்டை விட்டுவிடுங்கள்.

நான் ஒருமுறை செய்த தப்பைச் சொல்கிறேன். சித்திரை வெயில், காய்ந்த ஏரி. ஆள்காட்டிக் குருவி ஜோடி ஒன்று தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தியது. நல்ல பறக்கும் படம் கிடைக்கிறதே என்று ஒரே இடத்தில் நின்று இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் தூரத்திலிருந்தே, "தம்பி, முட்டைய மிதிச்சிராத!" என்றார். குனிந்து பார்த்தால் என் இடது செருப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, சரளைக் கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். தாய்ப்பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து குளிர்விக்கும் முட்டைகள் அவை. இருபது நிமிஷம் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. அன்றைக்கு எடுத்த படங்கள் கூர்மையாகத்தான் வந்திருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

இலையை ஒதுக்கிவிட்டுக் கூட்டை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் போன பின் அதே சந்து வழியாகக் காக்கை எட்டிப் பார்க்கும்.

கைபேசியில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கலாமா? இரவில் ஃபிளாஷ் போடலாமா?

குரல் கேட்டு வரும் பறவை நம்மைப் பார்க்க வரவில்லை, தன் இடத்தில் எதிரி புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறது. இனப்பெருக்கக் காலத்தில் அதற்கு அந்தச் சக்தி வேறு வேலைக்குத் தேவை. வேண்டாம். ஆந்தைக்கும் தேவாங்குக்கும் இரவுக்கென்று அமைந்த கண். ஃபிளாஷும் வேண்டாம். புள்ளி ஆந்தை அந்தி சாயும்போதே பொந்து வாசலுக்கு வந்து உட்காரும். இருக்கிற வெளிச்சத்தில் எடுங்கள்.

வீட்டுப் பக்கம் பாம்பு வந்தால்?

தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுங்கள், வழியை மறிக்காதீர்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். நீங்களே குச்சியால் திருப்பிப் போஸ் கொடுக்க வைக்காதீர்கள். இன்னொன்று, 'சாரையும் நல்லபாம்பும் பிணைகின்றன' என்று சுற்றும் படங்களில் பெரும்பாலும் இருப்பவை இரண்டு ஆண் சாரைகள். மல்யுத்தம் நடக்கிறது, கல்யாணம் இல்லை.

லென்ஸுக்குள் ஒட்டடை மாதிரி ஏதோ தெரிகிறது.

பூஞ்சை. கடலோர ஊர்களில் இது தலைவிதி. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வையுங்கள், தோல் பையில் போட்டு அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கவிடாதீர்கள். ஏசி அறையிலிருந்து சட்டென்று வெளியே கொண்டுவந்தால் ஈரம் படியும். பைக்குள் வைத்தபடியே அரை மணி நேரம் விட்டு அப்புறம் திறவுங்கள். வந்துவிட்ட பூஞ்சையை நீங்களே துடைக்கப் பார்க்காதீர்கள், உள்ளே திறந்து சுத்தம் செய்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

எடுத்த படத்தை என்ன செய்வது? பறவையின் பேரே தெரியவில்லை.

உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போட்டால் யாராவது பேர் சொல்லிவிடுவார்கள். பறவை என்றால் தேதி, இடத்தோடு ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியலாகவும் ஏற்றலாம். தை மாதம் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிஷம் மாடியில் நின்று எண்ணியதைக்கூட ஏற்றுக்கொள்கிறார்கள். ஆந்தைப் பொந்து, தேவாங்கு, புலி இவற்றின் இடத்தை மட்டும் சமூக ஊடகத்தில் சொல்லாதீர்கள். அடுத்த ஞாயிறு அங்கே பத்து கார் நிற்கும்.

ஒரு நல்ல படத்துக்கு எவ்வளவு நாள் ஆகும்?

ஆறுமணிக்குருவியைக் கேளுங்கள். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து தெற்கே வரும் குருவி, காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் குரல் கொடுப்பதால் அந்தப் பேர். ஒன்பது வருடம் காட்டில் தேடியிருக்கிறேன், குரல் மட்டும்தான் கேட்டது. ஒரு அக்டோபர் மாலை, கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில், வாழைச் சருகைப் புரட்டிக்கொண்டு நிற்கிறது. பச்சை முதுகு, கண்ணில் மை தீட்டிய மாதிரி கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. வழிதவறி, களைத்து இறங்கியிருக்க வேண்டும். பேட்டரி சார்ஜரில் இருந்தது. ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வருவதற்குள் என் மனைவி ஜன்னல் வழியாக அதை ஆற அமரப் பார்த்து முடித்துவிட்டாள். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு படம். அதில் வால் இருக்கிறது, ஒரு கால் இருக்கிறது, மீதி வாழை.

அதிலிருந்து புரட்டாசி பாதியிலேயே இரண்டு பேட்டரியையும் சார்ஜ் போட்டு எடுத்து வைத்துவிடுகிறேன். வாழைச் சருகைக் கூட்ட வேண்டாம் என்றும் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.